மார்கழியில் நகராத மணல்

முருகன் துணை
லடாக், 12-5-1963

அன்புள்ள வாஹித் மாமாவுக்கு,

தங்கமுத்து எழுதுவது. உடம்பு சுகம், மூச்சு மட்டும் எப்போதும் மலைக்கோட்டை ஏறியது போலவே இருக்கிறது. ரோடு போடும் வேலையில் கிடங்குக் காவலுக்கு வந்து ஒரு வருஷத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன். பத்தாயிரம் அடி உயரத்தில், நாலு பக்கமும் மலை, நடுவே வட்டில் போல ஒரு பள்ளம். அதற்குள் மணற்குன்றுகள், நம்புவீர்களா! பங்குனி முதல் ஆவணி வரை மத்தியானமானால் மேற்கிலிருந்து காற்று கிளம்பி, வறண்ட ஆற்றுப் படுகையை அள்ளிக் கிழக்கே கொட்டுகிறது. குன்றுக்குக் கிழக்கேதான் என் கிடங்கு. ஐப்பசியில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வரும். போன மணல் கொஞ்சம் பின்வாங்கும். மார்கழி, தையில் மணல் உறைந்து கல்லாகிவிடும். ஒரு பொடி அசையாது.

பூட்டுகள்தான் பாவம். சாவித் துளையில் மணல் அடைத்து, தினம் ஒரு பூட்டை உடைக்கிறோம். துளைக்கு மூடி வைத்து ஒன்று செய்யுங்கள் மாமா. டிசம்பரில் பெரிய ஆபீசர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் இங்குள்ள கிடங்குகளுக்கெல்லாம் உங்கள் பூட்டுதான்.

என் மகள் சண்முகவள்ளிக்கு வரன் பார்க்கச் சொன்னேனே, மறக்காதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
தங்கமுத்து

786
திண்டுக்கல், 3-8-1963

மாப்பிள்ளை தங்கமுத்துவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே ஆடிக்காற்றில் குஜிலியம்பாறைப் புழுதி மொத்தமும் என் கடைக்குள்தான். சோதித்துப் பார்க்க நல்ல வசதி. பன்னிரண்டு பூட்டு பார்சலில் வருகிறது. பித்தளை மூடி. ஆசாரி இடதுகைக்காரர், அவர் பழக்கத்துக்கு மூடி இடப்பக்கம் திரும்புகிறது. யாராயிருந்தாலும் வலப்பக்கம்தான் தள்ளிப் பார்ப்பார்கள். அதனால் ஆபீசரிடம் நீயே திறந்து காட்டு. அடுத்த தரம் மாற்றிவிடுகிறேன்.

தோளில் பூட்டுச் சரம் போட்டுச் சந்தை சந்தையாக விற்றவன் நான். இருபது வருஷமாக அடுத்தவன் பெயரைத்தான் என் பூட்டில் பொறித்தேன். இதில்தான் முதன்முதலாக என் பெயர். பதின்மூன்றாவது பூட்டு என் கடைக் கதவில் தொங்குகிறது. அதன் இரண்டாவது சாவியும் பார்சலில் இருக்கிறது. லீவில் வரும்போது என்னைத் தேடாதே. நீயே திறந்து உட்கார்.

வள்ளி வந்திருந்தது. "எங்கப்பா அம்புட்டுக் குளிருல வெஞ்சனத்துக்கு என்ன செய்யுதோ மாமா" என்று அழப் பார்த்தது. "மணலை வறுத்துத் திம்பான்" என்றேன். சிரித்துவிட்டது.

வாஹித் மாமா

முருகன் துணை
லடாக், 20-1-1964

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதக் கை வரவில்லை. மார்கழி முழுதும் மேற்குக் காற்று விடாமல் அடித்து, மணற்குன்று கிடங்கின் மேலேயே ஏறிவிட்டது. பன்னிரண்டு பூட்டும் உள்ளே புதைந்துபோயின. ஆபீசர் வந்தார்; பார்க்க ஒன்றும் இல்லாமல் திரும்பிவிட்டார். நம் நேரம் அப்படி. இதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. வள்ளியைப் பழநி ரோட்டுப் பூட்டுக்கடைக் கருப்பணன், தன் மகனுக்குத் தானாகவே கேட்டு வந்திருக்கிறார். சித்திரையில் கல்யாணம். நீங்கள்தான் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும்.

தங்கமுத்து

786
திண்டுக்கல், 9-3-1964

தங்கமுத்துவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பூட்டைவிட உன்னை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். அந்த மணலில் நீ தப்பித்தாயே என்று உன் மாமி பக்ருன்னிசாவிடம் சொல்லித் துஆ செய்யச் சொன்னேன். பிறகு கம்பியில் குத்தி வைத்திருந்த உன் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து. மணல் கல். அது எப்படி உன் கிடங்கின் மேல் ஏறியது? எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நீதானே.

நேற்று கருப்பணன் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் பித்தளை மூடிப் பூட்டு, அவன் பெயரோடு. "லடாக்குக்கு ஆர்டரு பாய்! எங்க சம்பந்தி அனுப்பிச்ச பூட்டு மாதிரியே செஞ்சது" என்றான், வாய் கொள்ளாமல். மூடியை வலப்பக்கம் தள்ளினேன். அசையவில்லை. இடப்பக்கம் திரும்பியது. என் ஆசாரியின் கைப்பழக்கத்தைக்கூட விடாமல் கொடுத்திருக்கிறாய்.

"பொண்ணுக்குச் சீரா வேணும் மாமா" என்று ஒரு வரி கேட்டிருந்தால், என் பெயரை நானே அரம் போட்டு அழித்துக் கொடுத்திருப்பேன்.

கல்யாணத்துக்கு வருவேன். வள்ளி என்ன செய்யும், பாவம். முன்னால் நிற்க மாட்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவேன்.

சாவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கதவில் இப்போது வேறு பூட்டு.

இப்படிக்கு,
எம். அப்துல் வாஹித்,
பூட்டு வியாபாரி