எந்தத் தேதியிலும் சேராதவர்கள்

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு, அதுவும் பட்டறை முகவரிக்கு என்று தலையைச் சொறிவாய். போனில் நான் வந்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். மருந்து ஏற்றிக்கொண்டு நாளை எல்லை தாண்டும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

திங்கட்கிழமை ஊரடங்கைத் தளர்த்தி எல்லையையும் திறக்கிறார்கள். முதல் பஸ்ஸிலேயே இங்கே வர அம்மா பெட்டி கட்டிவிட்டாள் என்றாய். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. மூன்று மாதமாக ஒரே அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மூச்சிரைப்புக்காரிக்கு அது ஜெயில்தான். தினமும் மாலை டிவியில் மாநிலவாரியாக அட்டவணை வருகிறதே, பத்து லட்சம் பேருக்கு இதுவரை எத்தனை சாவு என்று, அதில் உங்களுக்கு அறுபத்து நான்கு, எங்களுக்குப் பதினொன்று. "எம் பொண்ணு போடற கணக்கு, தப்பே வராது" என்று தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

எங்கள் மாநிலத்துக் கணக்கைப் போடுவது நான்தான். தப்பும் என்னுடையதுதான். நீட்டி முழக்கினால் நீ கொட்டாவி விடுவாய், சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் அறிகுறியோடு இறந்தவர்கள் எல்லோரையும் சேர்க்கிறார்கள். நாங்கள் பரிசோதனையில் நோய் உறுதியானவர்களை மட்டும்தான். இறந்த அன்று மாலை நான்கு மணிக்குள் முடிவு வராவிட்டால் அந்தத் தாள் தனி ஃபைலுக்குப் போகும். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தால் அன்றைய கணக்கில் சேர்க்க முடியாது, அவர் அன்றைக்கு இறக்கவில்லை. இறந்த நாளின் கணக்கிலும் ஏற்ற முடியாது, அது கையெழுத்தாகி வெளியே போய்விட்டது. நாளுக்கு ஒருவர் இருவர் இறந்த முதல் வாரத்தில், அட்டவணை குழம்பாமல் இருக்கட்டும் என்று இந்த விதியை எழுதியவள் நான். மேலதிகாரி பாராட்டினார், எனக்கும் பெருமையாக இருந்தது. இப்போது முடிவு வரவே மூன்று நாள் ஆகிறது. ஒன்றாக இருந்த ஃபைல் ஒன்பதாகிவிட்டது. நேற்று உட்கார்ந்து எண்ணினேன், நோய்தான் என்று முடிவு வந்தவர்கள் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களைச் சேர்த்தால் உங்கள் மாநிலத்தை நாங்கள் தாண்டிவிடுவோம்.

என் மாமனாரின் தாளும் அதில்தான் இருக்கிறது. முடிவு நாலாம் நாள் வந்தது, நானே துளையிட்டுக் கோத்தேன். உன் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் டிவி முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பதினொண்ணுல எங்கப்பாவும் ஒருத்தர்" என்கிறார். நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன். அம்மா வந்தால் தங்கப்போவது மாமனார் இருந்த அறையில்தான். "சம்பந்தி ரூம் காலியாத்தானே இருக்கு" என்று அவளே கேட்டுவிட்டாள்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஒன்பது ஃபைலையும் மேலதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "இப்ப எல்லாத்தையும் சேத்தா ஒரே நாள்ல ஆறு மடங்கு ஏறும். திறக்கற நேரத்துல யார் பதில் சொல்றது? விதி உங்க கையெழுத்துலதாம்மா இருக்கு" என்றார். மிரட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். உன் அத்தானுக்கும் வேலை இல்லாத நேரம். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான் என் கதை. ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அன்றைய பதினொன்றை டைப் அடித்தேன். மற்றவர்களின் அம்மாக்களுக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்று கேட்காதே. அதை நானே கேட்டுக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் முதலில் நம்பமாட்டாள். நம்பிவிட்டால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள், ஓட்டை வாய். அதனால் இப்படிச் சொல். அக்காவுக்கு உன்னை வைத்துக்கொள்ள இஷ்டமில்லையாம், மாமனாரைப் பார்த்தே அலுத்துப்போய்விட்டதாம், இனிமேல் யாருக்கும் செய்ய அவளால் முடியாதாம். முகத்தைப் பார்த்துச் சொல், இளகிப்போய் நடுவில் எனக்குப் பரிந்து பேசிவிடாதே. நான் போனில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அவள் குரலைக் கேட்டால் வாம்மா என்று சொல்லிவிடுவேன்.

அழுவாள். படிக்கவைத்த தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பாள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். அவள் பிடிவாதம் நமக்குத் தெரியாததா, வருஷக்கணக்கில்கூட இழுக்கும். இழுக்கட்டும்.

நீயும் உன் மனைவியும் நூறு வயசு நன்றாக இருங்கள். அம்மாவை வாசலைத் தாண்ட விடாதே. எனக்கு வாரம் ஒரு வரி எழுதிப் போடு, வேறு செய்தி எதுவும் வேண்டாம். "அக்கா, அம்மா இன்றைக்கும் உன்னைத் திட்டினாள்" என்று எழுது.

உன் அக்கா