73939133-ஐ வகுத்துப் பார்த்த அண்ணாவுக்கு

என் அன்பு அண்ணா,

நீங்கள் போய் இன்று இருபத்தெட்டாவது நாள். பாலையூற்றில் மழை விட்டபாடில்லை. உங்கள் உடுப்புகளைக் கொடுத்துவிட்டேன். கணக்குக் கொப்பியை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

சீனி வருத்தத்தால் உங்கள் கால் பெருவிரலை எடுத்த அன்றுதான் அந்தக் கொப்பியைக் கேட்டீர்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குப் பதிவெழுதிய கை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் 73939133 என்று எழுதியது. அது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913. அதுவும் முதன்மை. இன்னொன்றை வெட்டினால் 739391. அதுவும் அப்படித்தான். 7 மட்டும் மிஞ்சும்வரை இப்படியே போகும். எங்கோ வாசித்ததை நம்பாமல் நீங்களே வகுத்துப் பார்க்கத் தொடங்கினீர்கள். 8598 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்தால் போதுமாம். அவையே ஆயிரத்துக்கு மேல்!

"வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் முதன்மை குழம்பிப் போகும் தங்கச்சி. இந்த வகையில இதுதான் ஆகப் பெரிசு" என்றீர்கள்.

"வெட்டுறதைப் பற்றியே கதைக்கிறீங்கள். வேற எண் கிடைக்கேல்லையோ?" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பிறகு பாதத்தை எடுத்தார்கள். அப்போதும் வகுத்தீர்கள். அழுகல் கறுப்பு முழங்காலை நோக்கி ஏறியபோதுதான் கொப்பியை மூடினீர்கள். கணக்கு 6143-இல் நின்றுவிட்டது.

"போதும் தங்கச்சி. எண்ணை வெட்டினா அதுக்கு நோகாது. என்னை இனி வெட்ட விடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. "தொடையோட எடுத்தா ஒருவேளை தப்புவார். நீங்கள்தான் சொல்லவேணும் அம்மா" என்றார் டொக்டர். கதிரையைக் காட்டினார், நான் அதில் இருக்கவில்லை. நின்றபடியே கையெழுத்து வைத்தேன். உங்களுக்காகவா வைத்தேன், தனித்துப் போவேன் என்ற பயத்திலா? இன்னும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கண் திறவாமலே போய்விட்டீர்கள்.

அன்று உங்கள் மகள் ஓமானிலிருந்து போன் எடுத்தாள். "மாமி, காலை எடுக்க அப்பா ஓம் எண்டு சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை, சொன்னவர்."

"அப்ப சரி மாமி" என்று அழுதாள். அந்தப் பொய்யில் அவளுக்கு ஆறுதல் கிடைத்தது. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்குவதில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவள் வருகிறாள். வந்து குளித்து ஒரு வாய் சாப்பிட்டதும், நடந்ததை என் வாயாலேயே சொல்வேன். பிறகு அவள் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சொல்வேன், அண்ணா. இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றுவேன்.

உங்கள் சொல்லைக் கேளாமல் கையெழுத்து வைத்த,
உங்கள் ஒரே தங்கச்சி