ஒரே வாசல்

மார்ச் 3, திங்கள்

அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பும் சின்ன நிறுவனம். மூன்று மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதிகாரம் முழுக்க அக்காவிடம். வருகைப் பதிவு, மருந்து இருப்பு, குடும்பத்தாரோடு பேசும் பக்கம் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரியின் வாலில் ஓர் எண். நர்ஸ்கள் போனில் எண்ணை மாற்றிப் போட்டு, மருந்துப் பக்கத்தில் ரத்த அழுத்தத்தை எழுதிவைக்கிறார்கள். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, ஏதாவது பண்ணேன்டா" என்றாள். அவளிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

மார்ச் 5

ரிவர்ஸ் பிராக்ஸி போட்டாயிற்று, எல்லாப் பக்கத்துக்கும் முன்னால் வாசல்காரன் மாதிரி நிற்கும் மென்பொருள். இனி எல்லோரும் ஒரே வாசலுக்கு வருவார்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து அது உள்ளே அனுப்பும். இந்தக் கிழட்டு இயந்திரம் பெரிய மென்பொருளைத் தாங்காது என்று, இருப்பதிலேயே இலேசானதாகத் தேடிப் பிடித்தேன். அதற்கு நான் எழுதிய அமைப்புக் கோப்பு அரைப் பக்கம்கூட இல்லை. எல்லாப் பக்கமும் திறந்தன. இவ்வளவுதானா? தலைக்கனம் கொஞ்சம் ஏறியது உண்மை.

மார்ச் 6

அக்கா பாராட்டினாள். தேதி போட்டு எழுதிவைக்க வேண்டிய விஷயம்.

மார்ச் 10

காலையில் ஒரு நர்ஸாலும் உள்ளே நுழைய முடியவில்லை. யாருக்கு எந்த வீடு, எந்த ஊசி, ஒன்றும் தெரியாமல் எல்லோரும் தெருவில். அக்கா போனிலேயே குதித்தாள். ஓடிப்போய் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், திறந்தது.

யார் எப்போது நுழையப் பார்த்தார் என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்ததைப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த நர்ஸம்மா கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்திருக்கிறார். கணவர் படுக்கையில் விழுந்ததால் பல வருஷம் கழித்து வேலைக்கு வந்தவர். ஊசி போடும்போது தடுமாறாத கை, போனைத் தொட்டால் தடுமாறும். "எல்லாம் அவங்க பண்ணதுதான். நாளைலேந்து வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "சரிங்க" என்று சொல்லிப் போய்விட்டாராம். பாவம்.

ஆனால் — ஒருத்தர் தப்பாக அடித்தால் அவரைத்தானே தடுக்க வேண்டும்? எல்லாரையும் ஏன்?

மார்ச் 11

அட முட்டாளே! நான்தான்டா பண்ணது.

யார் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பிராக்ஸி உள்ளே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை அமைப்புக் கோப்பில் நான் எழுதவே இல்லை. வருகைப் பதிவின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள். அந்த ஆள் பலமுறை தப்பாக அடித்ததும் மொத்தமாக அடைத்துவிட்டது. வரியைச் சேர்த்தேன், வாசல் சொல்வதை நம்பு என்று வருகைப் பதிவுக்கும் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னேன். "அவங்கள என்னென்னவோ கத்திட்டேனேடா." பிறகு, "நாளைக்குப் போலாம். நீயும் வா."

மார்ச் 12

நர்ஸம்மா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் கையில் சீருடை, துவைத்து மடித்து. திருப்பிக் கொடுக்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாராம். முன்னறையில் கணவரின் கட்டில்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "இல்ல தம்பி, நான்தானே மாத்தி மாத்தி அடிச்சேன்" என்று எனக்காக அவரே வாதாடினார். வெட்கமாக இருந்தது.

அக்கா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்டாள். "விசாரிக்காமப் பேசிட்டேன். நாளைக்கு வாங்க."

மார்ச் 13

வந்துவிட்டார்.

மார்ச் 19

காலையில் போன். குரலில் சிரிப்பு. "தம்பி, மறுபடியும் தப்பா அடிச்சுட்டேன். ஆனா மத்தவங்க எல்லாரும் உள்ள போயிட்டாங்க, கேட்டுப் பாத்துட்டேன். நான் மட்டும்தான் வெளிய நிக்கறேன். அவசரமில்ல, சாப்பிட்டுட்டு மெதுவா பாருங்க."