காய்ச்சலை இறக்கிக்கொண்டு கேட் தாண்டியவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சருகோடு சருகாகக் காலி மாத்திரை அட்டைகள் துடைப்பத்தில் சிக்கின. காய்ச்சல் மாத்திரைதான். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த அட்டையைத் தெரியும். குனிந்து பொறுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மருமகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுதச் சொன்னேன்.

வயசில் நீங்கள் எனக்கு இளையவர். தூத்துக்குடிப் பக்கமிருந்து கேட் செக்யூரிட்டியாக வந்த உங்களை, உள்ளே மெஷின் லைனில் வேலை பார்க்கிற பசங்களெல்லாம் அண்ணாச்சி என்றார்கள். தோட்ட வேலைக்காரன் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

கொரோனா போன பிறகும் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கிற அந்தத் துப்பாக்கி நம் கேட்டை விட்டுப் போகவில்லை. சூடு காட்டினால் உள்ளே விடக்கூடாது, அன்றைய ஷிஃப்ட் போச்சு. அதற்கு, ஹாஸ்டலில் தங்கி லைன் வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மாத்திரையை விழுங்குவார்கள். வேர்க்கிற வரைக்கும் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். உங்களுக்கா தெரியாது? "வேர்த்துட்டுதாலே? அப்ப வா, சுடுதேன்" என்பீர்கள். பாவம் என்று விட்டுவிடுவீர்கள்.

அந்த வழியில் நீங்களே போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

காண்ட்ராக்டர் கொடுத்த புது ஷூ உங்கள் காலுக்குச் சின்னது. குதிகாலைக் கடித்துவிட்டது. சர்க்கரை உடம்பு, வலியே தெரியவில்லை உங்களுக்கு. ஒருநாள் டீ குடிக்கும்போது தொடையிடுக்கைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

"இன்னா அண்ணாச்சி, நெறி கட்டிக்கினு கீதா?"

"ஆமாவே. எலந்தப்பழம் கணக்கா உருளுது."

"அப்ப கால்ல எங்கியோ புண்ணு கீது. பாருங்க."

"ஷூ கடிச்ச புண்ணுதாம்வே. அது கடிச்சா நான் என்ன, திருப்பியா கடிக்க முடியும்?"

மறுநாள் உங்களுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்துத் துப்பாக்கியை உங்கள் நெற்றிக்கே பிடித்துப் பார்த்தீர்கள்.

"பாஸ் ஆயிட்டேம்வே. நானே சுட்டு, நானே உள்ள விட்டுட்டேன்."

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டிட்டு, ரூமுக்குப் போய்ப் படுங்க."

"போனா நாளைக்கு இந்த நாற்காலில வேற ஆளு உக்காந்திருப்பான். அவனை நீரு வந்து எழுப்புவீராக்கும்?"

என்னையும் அதே காண்ட்ராக்டர்தான் வைத்திருந்தான். தினமும் சொன்னேன், தினமும் மாத்திரை போட்டீர்கள், தினமும் பாஸ் ஆனீர்கள். ஒரு காலை வேளை, லாரி நம்பரைக் கேட்டு வாங்கும்போதே பேச்சு குழறி, கேட்டிலேயே சரிந்தீர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் சாக்ஸைக் கழற்றியபோது வந்த வாடைக்கு, பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குதிகால் கறுத்திருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. உங்களைத் திட்டவில்லை. கட்டு போட்டுக்கொண்டே சொன்னார்: "புண்ணு வழியா கிருமி பூந்ததும் ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுங்க அங்க ஓடும். சண்டை போட்டுச் செத்ததுங்கதான் சீழா வருது. தப்பிச்சி மேல ஏறுற கிருமியைத் தொடையிடுக்குல மறிக்கும், அதான் நெறி. காய்ச்சலும் அப்படித்தான். அந்தச் சூட்டுல கிருமி வேகமாப் பெருகாதுன்னு உடம்பே ஏத்துற சூடு."

"அப்ப மாத்திரை?" என்றேன் நான்.

"சூட்டை இறக்கும், வலியைக் கொறைக்கும். போடுறது தப்பில்ல பெரியவரே. ஆனா அது கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் விட்டுட்டதுன்னு இவரு நின்னுக்கினு இருந்திருக்காரு, உள்ள கிருமி ரத்தத்துல கலந்துடுச்சி. சர்க்கரை வேற. சர்க்கரை ஏறினா வெள்ளை அணுங்களுக்கும் தெம்பு போயிடும்."

நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். டாக்டரம்மா நகர்ந்ததும் என் கையைப் பிடித்தீர்கள்.

"உள்ள ஒருத்தன் எனக்காவ மல்லுக்கட்டிருக்காம்வே. அவனுக்கு நான் ஒருநா லீவு போட்டுக் குடுக்கல."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். அங்கிருந்து நேராக உங்கள் உடலைத்தான் ஊருக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் பயந்தது சரிதான் அண்ணாச்சி. நீங்கள் சரிந்த மறுநாளே, உயிரோடு இருக்கும்போதே, அந்த நாற்காலியில் வேறு ஆள். நல்ல மனுசன்தான். அவரை நான் என்ன சொல்ல?

துப்பாக்கியை இப்போது எடுத்துவிட்டார்கள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. காய்ச்சலோடு லைனில் நிற்க முடியாதே. காலி அட்டைகளை நான் பொறுக்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அலுத்துப்போய்விட்டது.

போன மழையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. முள் குத்திய கை வீங்கி, அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தேன். சூப்பர்வைசர் போன் பண்ணினான்.

"பெருசு, ஒரு மாத்திரையப் போட்டுக்கினு வா. ஆள் இல்ல."

"வரல."

"வேற ஆள் போட்டுருவாங்க, பாத்துக்கோ."

"போட்டுக்கோப்பா."

எனக்கு ஒன்றும் பெரிய தைரியம் இல்லை. வாதாடத் தெம்பில்லை, அவ்வளவுதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உடம்பு கொதித்தது. உள்ளே அவன் வேலையை அவன் பார்க்கட்டும் என்று அசையாமல் கிடந்தேன்.

நீங்கள் போடாத லீவு அது, அண்ணாச்சி.