படமாய் வந்த திகதி

2006 ஜூலை 30

கல்யாண வீடியோவின் முகப்பு லண்டனில் இருந்து வந்துவிட்டது. மகன் கனகரத்தினம் அங்கே ஆள் பிடித்துச் செய்வித்து அனுப்பியிருக்கிறான். பொன் எழுத்தில் ராசமலர் – வேலன், கீழே ஆகஸ்ட் 28. நாள் நான் பார்த்தது. பேத்தி ராசமலர் தன் ஸ்டூடியோவில் போட்டுக் காட்டினாள். எழுத்தைப் பறக்கவிட, மிதக்கவிட அவளுக்குத் தெரியும். டவுனில் வேறு எந்தப் பெட்டைக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 5

மூதூர்ப் பக்கம் சண்டை. பாதை பூட்டு. மாப்பிள்ளை வேலன் அந்தப் பக்கம், வெருகலில். போன் எடுபடவில்லை.

ஆகஸ்ட் 19

கல்யாணம் ஐப்பசிக்குத் தள்ளியாயிற்று. முகப்பில் திகதியை மாற்று என்றேன்.

"ஏலாது அம்மம்மா. எழுத்தெல்லாம் படமாய் ஒட்டி வந்திருக்கு, அழிச்சு எழுத வராது."

"மாமாட்டச் சொல்லி வேற எடு."

"கேட்டா, மாப்பிள்ளை உயிரோட இருக்கிறாரோ எண்டு கேப்பார். லண்டன் சம்பந்தம் பேசுவார். என்னத்தைச் சொல்ல?"

செப்டம்பர் 11

ஊரடங்கு. துறைமுகப் பக்கம் ஷெல் சத்தம். படலை தாண்டவில்லை. அந்தத் திகதியைப் போல நாங்களும் அசையாமல் கிடக்கிறோம்.

அக்டோபர் 20

திகதியை மாற்ற ராசமலர் வழி பிடித்துவிட்டாள். லண்டனில் இருந்து வந்த கொம்பியூட்டர்க் கோப்பை ஒரே படமாகத் திறக்காமல் அடுக்கடுக்காகத் திறக்க வேண்டுமாம். எழுத்திருக்கும் அடுக்கைப் பிடித்து, திருத்தும் எழுத்தாக மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டுமாம். கொடுத்தாள் — வேலன் என்ற பெயர் இங்கிலீசுக் கிறுக்கலாய்ப் போனது. பேரே அழிஞ்சு போச்சே என்றேன். சகுனமோ?

"பேர் அழியேல்லை அம்மம்மா. அந்தத் தமிழ் எழுத்துரு இந்தக் கொம்பியூட்டரில இல்லை. அது வந்தாப் பேரும் வரும்."

ஆள் வருவாரோ என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 27

கிண்ணியாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மஹ்ரூப் தம்பி எழுத்துருவை சீடியில் கொண்டுவந்து தந்தார். பேர் திரும்பி வந்தது. திகதியும் சொன்னபடி மாறுகிறது. ஐப்பசிக்கும் பாதை திறக்கவில்லை; ஆகஸ்டை அழித்துத் தை போட்டாள்.

2007 ஜனவரி 18

தை பிறந்தும் வேலனைக் காணவில்லை. இனி எந்த நாளைப் போட என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், பஞ்சாங்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் நான். பஞ்சாங்கத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.

"வெறுமையா விடு பிள்ளை. தாலி கட்டின பிறகு போடுவம்."

பெப்ரவரி 23

மத்தியானம் படலையில் வேலன்! வாகரையால் நடந்து, மட்டக்களப்பு போய்ச் சுற்றி வந்தவராம். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சோறு போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

நாளைக்கே கோயிலில் தாலியைக் கட்டுங்கோ என்றேன்.

"நாளைக்கு அட்டமி, அம்மம்மா," என்று ராசமலர் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

"இருக்கட்டும்."

பஞ்சாங்கம் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

பெப்ரவரி 24

கோயிலில் இருந்து நேரே ஸ்டூடியோ. மாலையும் கழுத்துமாய் நின்று கதிரையை எனக்குத் தந்தாள். வெறுமையாய் விட்ட திகதியை ஒற்றை விரலால் நானே அடித்தேன். இரண்டு. நான்கு.

இண்டைக்கே மாமாவுக்கு அனுப்பு என்றேன்.