அம்மாவின் நூற்று நாற்பத்தொன்று

மார்ச் 9, 2025

இன்று ஆர்டர் எதுவும் இல்லை. கணவர் யூஜின் வேலைக்குப் போன பிறகு வீடு முழுக்க எனக்குத்தான். சி ரூசா கடற்கரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கார்களின் ஹாரன் இங்கே வரை கேட்கிறது.

மாலையில் ஒரு ஃபோன். இந்துஜாவாம், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1998-இல் லாபு பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளில் சில பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. சோதனை வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் சோதிக்கிறார்களாம். "பழைய பதிவுல உங்களுதுதான் ரொம்ப உயரம்" என்றார்.

நூற்று நாற்பத்தொன்று. பத்து வயதில் வாங்கியது. இப்போது முப்பத்தேழு வயதில் கேக் சுட்டு விற்கிறேன்.

மார்ச் 10

அந்த எண்ணை நான் மறந்தாலும் அம்மா மறக்க விடமாட்டார். சர்ச்சுக்குப் புதிதாக வந்த ஃபாதரிடம்கூட, "இது என் மக ஜெனவீவ். ஐ.க்யூ. நூத்தி நாப்பத்தொண்ணு" என்றுதான் அறிமுகம். உடனே அவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். கேக் செய்கிறேன் என்பேன். "ஓ, கேக்கா" என்பார்கள் பாருங்கள் — முன்பு அது குத்தும். இப்போது இல்லை. கோலாலம்பூரில் பொறியாளராக இருந்த காலத்தில் லிஃப்டில் நின்று அழுதிருக்கிறேன். விட்டுவிட்டு வந்தது என் முடிவு. அடுப்பிலிருந்து ஒரு நல்ல கேக்கை எடுக்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருப்பதில்லை.

அதே நாளில் தம்பி மார்கஸும் அந்தச் சோதனையை எழுதினான். அவனுக்கு ஒன்பது வயது. எண்பத்தெட்டு.

அம்மா அந்த எண்ணைச் சர்ச்சில் சொன்னதில்லை. வீட்டில் சொன்னார். "உனக்கு வராதுடா, விடு." எனக்கு டியூஷன், சிரம்பானில் விடுதிப் பள்ளி. அவன் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நின்றான். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான், அம்மாவோடு லாபுவில் இருக்கிறான். ஆனாலும் வீட்டுக்கூரை ஒழுகினால்கூட அம்மா ஃபோன் செய்வது எனக்குத்தான்.

மார்ச் 16

மார்கஸ் வந்தான். உன்னையும் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா? ஒரு தடவ சொன்னது பத்தாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இரண்டு துண்டு பாண்டான் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மார்ச் 17

போவதா வேண்டாமா? அதே எண் வந்தால், இருந்த மூளையை வீணாக்கிவிட்டேன் என்று அர்த்தமா? குறைந்து வந்தால் இத்தனை வருடம் அம்மா யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்?

யூஜினிடம் புலம்பினேன். "என்ன நம்பர் வந்தாலும் சனிக்கிழம கல்யாண கேக்க நீதான் செய்யணும், ஜெனி" என்றார். அதோடு தூங்கிவிட்டார்.

மார்ச் 21

மார்கஸ் ஃபோன். "நானும் வரேன்கா."

ஏன்டா?

"சும்மாலா."

ஏப்ரல் 5

சோதனை முடிந்தது. அவன் வேனிலேயே போய் வந்தோம். தனித்தனி அறை. வண்ணக் கட்டைகளை அடுக்கு, எண்களைத் தலைகீழாகச் சொல், இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன ஒற்றுமை. சிலது எளிது. சிலவற்றில் நேரம் போய்விட்டது. பத்து வயதில் எனக்கு இப்படித் தடுமாறிய ஞாபகமே இல்லை.

ஏனென்று திரும்பும் வழியில் புரிந்தது. எங்கள் தலைமையாசிரியர் சிவசிதம்பரம் சார் அந்தச் சோதனைக்கு முன்பே எனக்கு ஒரு புதிர்ப் புத்தகம் கொடுத்திருந்தார். அதில் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கட்டைகள், இதே மாதிரி வடிவங்கள். விடுமுறை முழுக்க அதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன். மார்கஸிடம் சொன்னேன்.

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு அன்னிக்கு அந்தப் படமெல்லாம் ரொம்பப் புடிச்சிருந்திச்சி. நம்ம வீட்டுல அப்படிக் கலர் படம் ஏது? பாத்துக்கிட்டே இருந்தேன். வேகமா செய்யணும்னு தெரியாதுக்கா. வெளிய வந்த பெறகுதான் மத்தவங்க சொன்னாங்க."



ஏப்ரல் 19

ஈஸ்டர் ஆர்டர்கள். கை ஓயவில்லை. நல்லது.

மே 3

எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. மார்கஸுக்கு நூற்று ஒன்பது.

இந்துஜா பொறுமையாக விளக்கினார். அப்போதைய சோதனை வேறு, இப்போதையது வேறு. சின்ன வயது எண் மாறக்கூடியது. அந்தச் சோதனையைத் தோட்டத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை. நான் நேராகவே கேட்டேன்: இது அறிவை அளக்கிறதா, இல்லையா?

"ஒண்டும் அளக்கேல்லை எண்டு சொல்ல மாட்டன்" என்றார். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் சில நேரம் அவருக்கு அப்படியே வந்துவிடுகிறது. "சில திறமையளை அளக்கும். பள்ளிக்கூடத்தில எப்பிடிப் படிப்பினம் எண்டு ஓரளவு சொல்லும். ஆனா அண்டைக்கு, அந்த அறையில செய்ததைத்தான் அளக்கும். ஒருத்தரை முழுசா இல்லை."

மார்கஸ் ஒன்றே ஒன்று கேட்டான். "அப்ப அந்த எண்பத்தெட்டு, அது யாரு?"

இந்துஜா பேனாவைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்பதுபோல அவனைப் பார்த்தார்.

திரும்பும்போது வேனை ஓரமாக நிறுத்தினான். "கோவமா இருக்குக்கா. உம்மேல இல்ல."

அவனிடம் சொல்லாதது இது: என் மேல இருந்தாலும் தப்பில்லடா. எனக்குக் கொடுத்த அந்தப் பொஸ்தகத்த உனக்கும் ஒருத்தரு குடுத்திருந்தா? அந்த எண்ணு சொன்னபடிதான் எல்லாம் நடந்திச்சின்னு அம்மா சொல்லுவாங்க. நடக்காம என்ன செய்யும்? அதப் பாத்துத்தானே என்னைப் படிக்க வச்சாங்க, ஒன்ன நிறுத்துனாங்க — போதும். இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மே 4

அம்மாவிடம் இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

முதலில் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு கணக்கத் தப்பாப் போட்டிருக்கும்."

"கணக்கு சரிதான்மா" என்றான் மார்கஸ். குரல் உயரவே இல்லை. "நீதான் ஒரு நாள் கணக்க இத்தன வருசமா வச்சிருந்த."

அம்மா டிவியைப் போட்டார். எந்த நிகழ்ச்சி என்றுகூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, "என்னை யாரு டெஸ்ட் பண்ணுனா? பெரியவங்க சொன்னாங்க, நம்புனேன்" என்றார்.

உண்மைதான். அம்மாவிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, இவள் கெட்டிக்காரி, இவன் சுமார் என்றார்கள். அவ்வளவுதான்.

கிளம்பும்போது மார்கஸ் வாசல் வரை வந்தான். "லேசா இருக்குக்கா" என்றான். எனக்கும் அப்படித்தான். இருபத்தொன்பது புள்ளி குறைந்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா?

மே 18

சர்ச்சில் பூசை முடிந்து யாரோ ஒரு அம்மாளிடம் என்னைக் காட்டினார் அம்மா. நான் தயாராக நின்றேன்.

"என் மக. போர்டிக்சன்ல கேக் செய்யிறா. ரொம்ப நல்லா இருக்கும்."

ஒரு கிலோ சாக்லெட் கேக்குக்கு அங்கேயே ஆர்டர் கிடைத்தது.

ஜூன் 22

அம்மாவுக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிரம்பான் அரசு மருத்துவமனையில் வரிசையில் காத்திருப்பதா, தனியாரிடம் உடனே செய்வதா? நான் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். தனியாரே நல்லது என்று காரணங்களோடு சொல்லி முடித்தேன்.

வழக்கமாக "நீ சொன்னாச் சரி" என்பார்.

"இரு" என்றார். "மார்கஸ் வெளிய வேன் கழுவுறான். அவன் என்ன நெனைக்கிறான்னு கேட்டுட்டு வரேன்."

ஃபோனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் இருவர் குரலும். மார்கஸ் ஏதோ கேட்கிறான், அம்மா பதில் சொல்கிறார், மறுபடி அவன் கேட்கிறான். என்னிடம் அம்மா இவ்வளவு நேரம் பேசியதில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஃபோனை வைக்காமல் காத்திருந்தேன்.