ஊகித்து எழுதிய எண்

பாலே, வெள்ளிக்கிழமை

மகன் வெபுக்குலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசுதான் ஒருவருக்கும் நலமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீ சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

உன் தங்கை கைன்சாவைப் பெண் கேட்டு குலோபா வீட்டார் பரிசமாக ஓட்டிவந்த மாடுகளை உன் சித்தப்பா போன வாரம் திருப்பி ஓட்டிவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. கைன்சா வாசலில் நின்று பார்த்தாள், அழக்கூட இல்லை. எல்லாம் உன் ஒரு போனால். பஸ் நிலையத்தில் குலோபா ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் நிற்கிற படத்தை எவனோ அனுப்பினானாம், குழந்தைக்கு அவன் ஜாடையாம், உடனே அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "உம்ம மகனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, எங்க வீட்டுல எதுக்குய்யா பொண்ணு கேக்குறீர்?" என்று கத்தியிருக்கிறாய். சித்தப்பாவையும் கிளப்பிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் குலோபாவின் ஊர் சிரோன்கோவுக்கே போய் விசாரித்தேன். படத்தில் இருந்தவள் பெயர் நம்போசோ. குலோபாவின் அண்ணன் லாரி விபத்தில் செத்துப்போனான், அவன் மனைவி இவள். பிள்ளை அண்ணன் பிள்ளை, சித்தப்பன் ஜாடை இல்லாமல் உன் ஜாடையா இருக்கும்? இப்போது சந்தையில் அவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கோயில் பாட்டுக்குழுவுக்கும் அவள் போவதில்லை.

பேப்பரில் வரும் சுடோக்குவை என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுத்தானே வளர்ந்தாய்? ஒரு கட்டத்தில் மூன்று எண் பொருந்தும்போது பிடித்ததை எழுதிவிட்டு ஓடுவாய். கொஞ்ச தூரம் எல்லாம் சரியாகவே வரும், கடைசியில் இரண்டு ஏழு ஒரே வரிசையில் வந்து நிற்கும், பேப்பரைக் கசக்கி எறிவாய். மற்ற இரண்டும் ஏன் வராது என்று தெரிந்த பிறகு எழுதுடா என்று தலையில் குட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்தறையில் எழுத்து புரியாத சீட்டு வந்தால் நான் டாக்டரிடமே திரும்பப் போய் நிற்பேன், "மறுபடியும் வந்துட்டியா?" என்று எரிந்து விழுவார்கள். விழட்டும். என் கையால் தப்பு மருந்து போனதில்லை. நீ அங்கே ரத்தம் சோதிக்கிற வேலையில் இருக்கிறாய். அங்கேயும் ஜாடை பார்த்துத்தான் நோயின் பெயர் எழுதுகிறாயா?

குலோபாவின் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். "உங்க மேல கோவம் இல்லம்மா, பேசின வாயே வந்து பேசட்டும்" என்றார். குலோபா நல்லவன், "கைன்சா சரின்னா போதும், மாட்டுக்கு வழி மறக்கல" என்று சிரித்தான். அவளும் சரி என்றுவிட்டாள். ஆனால், "அண்ணன் கூப்பிட்டா போனை என் கையில குடுக்காதீங்க" என்கிறாள். நான் கொடுக்கப்போவதில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. பெற்ற வயிறு, அதனால் கடவுள் உன்னைக் காக்கட்டும் என்றே எழுதுகிறேன். நம்போசோவின் போன் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அவளைக் கூப்பிடு, என்னை அப்புறம் கூப்பிடலாம்.

உன் அம்மா,
முகிடே